டாக்டரம்மாவின் கண்ணாடிப் பொடி

‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வருவதுண்டு. இந்தச் சொல்லைப் படைத்தவர், மாலை நாலு மணிக்கே வேலை முடிந்து, திண்ணையில் சாய்ந்துகொண்டு, நகரமாட்டேன் என்று அடம் பிடிக்கும் பொழுதைத் தள்ளித் தள்ளி அலுத்துப்போன மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவருக்குப் பொழுது ஒரு சுமை. அதை எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைத்தால் போதும். சீட்டுக் கட்டானால் என்ன, ஊர் வம்பானால் என்ன? அவர் வைத்த பெயர் அவருக்குப் பொருந்தும். ஆனால் நாளின் பதினாறு மணி நேரத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்திலிருந்து ஒரு மணி நேரத்தைத் திருடி எடுத்து ஒரு காரியம் செய்கிறவரைப் பார்த்தும், “ஏதோ பொழுதுபோக்காகச் செய்கிறார்” என்கிறோமே, இதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? இல்லாத பொழுதை எப்படி ஐயா போக்குவது?

எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா இருக்கிறார். பிரசவ வைத்தியத்தில் பெயர் பெற்றவர். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பகலில் ஆஸ்பத்திரி, ராத்திரியில் எந்த ஜாமத்திலும் டெலிபோன். ஐந்து வருஷங்களுக்கு முன்பு ஒரு மருத்துவ மகாநாட்டுக்காக ஜெய்ப்பூர் போனவர், எல்லாரும் போகிற நகைக்கடைக்குத் தாமும் போனார். கல் பதித்த அட்டிகை ஒன்றைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். அவர் கற்களின் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மாள் அதைத் திருப்பிவிட்டார். பின்பக்கம் முழுவதும் பச்சை இலைகளும் சிவப்புப் பூக்களும் வெள்ளைப் பறவைகளுமாக மின்னின. பொன்னில் செதுக்கிய பள்ளங்களில் கண்ணாடியை உருக்கி நிரப்பிய மீனா வேலை. அட்டிகையைக் கழுத்தில் போட்டால் அந்தப் பக்கம் தோலோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஒரு கண்ணுக்கும் தெரியாது. “பார்க்காத பக்கத்துக்கு இவ்வளவு வேலையா?” என்று அவர் கேட்டாராம். கடைக்காரர் அது வழக்கம் என்று சொல்லிவிட்டுக் கற்களுக்கே திரும்பிவிட்டார். டாக்டரம்மாளால் திரும்ப முடியவில்லை. லீவு போட்டு ஒரு பத்து நாள் வகுப்பில் சேர்ந்து அடிப்படையைக் கற்றுக்கொண்டார். இன்று அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன மின்சார உலை இருக்கிறது.

இதற்கு ஊர் என்ன சொல்கிறது என்பதை ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், என் காதாலேயே கேட்டேன். “படித்த படிப்பென்ன, செய்கிற ஆசாரி வேலை என்ன!” என்றார் ஒரு பெரியவர். “ஒன்று எவ்வளவுக்குப் போகும்?” என்று விசாரித்தார் ஓர் ஆடிட்டர். “பிரசவ வார்டிலே அவ்வளவு கூட்டம், இந்தம்மாவுக்குக் கண்ணாடிப் பொடி சலிக்க நேரமிருக்கிறது பாருங்கள்” என்றாள் ஒரு மாது சிரோமணி. எல்லாரையும்விட நல்லவரான ஒருவர் மட்டும் பரிந்து பேசினார்: “பாவம், விடுங்கள். அவர்களுக்கும் டென்ஷன் குறைய வேண்டாமா?”

இந்த நால்வரில் எனக்கு அதிகக் கோபம் மூட்டியவர் அந்த நாலாவது நல்லவர்தான். ஆனால் அவரிடம் வருவதற்கு முன், இந்த எனாமல் என்பது என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் எனாமல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது இரும்புக் கடையில் டப்பாவில் விற்கும் எனாமல் பெயிண்ட். அதற்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. அது எண்ணெயும் பிசினும் சேர்ந்த வர்ணம். இது அசல் கண்ணாடி. கண்ணாடியைப் பொடி செய்து, உலோகத்தின்மேல் பரப்பி, உலையில் உருக்கி, உலோகத்தோடு உலோகமாகப் பிடிக்க வைப்பது. பழைய வீடுகளில் ஓரம் சில்லுப் பெயர்ந்து கறுத்துக் கிடக்குமே வெள்ளைக் குவளை, நீலக் கரை போட்ட தட்டு, அவை இந்தக் குலத்தின் ஏழைப் பங்காளிகள். பழைய ஆஸ்பத்திரிகளில் அவரைக் கொட்டை வடிவத்தில் ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும்; அதுவும் இரும்பின்மேல் எனாமல்தான். டாக்டரம்மாள் படிக்கிற காலத்திலிருந்து கையில் பிடித்த பொருளே ஒரு நாள் வேறு உருவத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம்.

வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். செம்புத் தகட்டை வேண்டிய வடிவத்தில் வெட்டி, சூடு காட்டி இளக்கி, கிண்ணம் மாதிரி லேசாகக் குழித்துக்கொள்ள வேண்டும். பிறகு சுத்தம். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை இருந்தால்கூடக் கண்ணாடி அந்த இடத்தில் ஒட்டாது. நீர்த்த அமிலத்தில் போடுவார்கள். நம் டாக்டரம்மாள் பாட்டி வழியில் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிறார். கண்ணாடியைக் கல்லுரலில் தண்ணீர் விட்டு அரைத்து, மேலே மிதக்கும் கலங்கலைக் கொட்டிக் கொட்டி, தண்ணீர் தெளிகிறவரை கழுவ வேண்டும். அரிசி கழுவுகிற மாதிரிதான். ஆனால் அரிசியை இரண்டு மூன்று தடவை கழுவினால் போதும், இது பத்துத் தடவையும் கேட்கும். கலங்கல் போகாவிட்டால் வர்ணம் மேகமூட்டமாகிவிடும். கழுவிய பொடியை ஈரத்தோடு மெல்லிய தூரிகையால் எடுத்துப் பரப்பலாம். அல்லது தகட்டில் கோந்துத் தண்ணீரைப் பூசி, உலர்ந்த பொடியைச் சல்லடையால் தூவலாம். பரப்பியபின் சொட்டு ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் உலைக்குள் அது ஆவியாகிப் பொடியைத் தெறித்துவிடும்.

உலையின் சூடு சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். ஆகையால் செம்பு தாங்கும். வெள்ளி 961 டிகிரியில் உருகிவிடும். அதற்கு இன்னும் ஜாக்கிரதை தேவை. தகட்டை நீண்ட கவைக்கோலில் ஏந்தி உள்ளே வைத்தால் இரண்டு மூன்று நிமிஷம்தான். முதலில் பொடி கறுக்கும், பிறகு சர்க்கரை மாதிரிக் கூடும், பிறகு ஆரஞ்சுத் தோலைப் போல மேடு பள்ளமாகும், அப்புறம் ஒரு கணத்தில் கண்ணாடி போலத் தட்டையாகிப் பளபளக்கும். அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் பார்த்தால் எல்லாம் ஒரே தணல் நிறம். சிவப்பு எது, பழுப்பு எது என்று தெரியாது. ஆற ஆறத்தான் ஒவ்வொரு நிறமாகத் திரும்பி வரும். பச்சை முதலில் எட்டிப் பார்த்தால் சிவப்பு கடைசிவரை கறுப்பாகவே நின்று பயம் காட்டும். 

இன்னொரு விஷயம். முன்பக்கத்துக்கு மட்டும் கண்ணாடி பூசினால் போதாது. ஆறும்போது செம்பு அதிகம் சுருங்குகிறது, கண்ணாடி குறைவாகச் சுருங்குகிறது. தகடு வளைந்து கண்ணாடி விரிந்துவிடும். அதனால் யாரும் பார்க்காத பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சுக் கொடுத்து இழுப்பைச் சமன் செய்தாக வேண்டும். நிறங்கள் பலவானால் எந்த நிறத்துக்குச் சூடு அதிகம் வேண்டுமோ அதை முதலிலும், சூடு தாங்காததைக் கடைசியிலும் இட வேண்டும். ஜெய்ப்பூர் மீனாக்காரர்கள் வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடிப்பது இதனால்தான். ஒரு சிறு தகடு ஐந்து, எட்டு, பத்துத் தடவைகூட உலைக்குள் போய் வரும். பத்தாவது தடவையில் விரிசல் விட்டால், முதல் ஒன்பது தடவைகளும் அதோடு போயிற்று.

இப்போது அந்த நல்லவரைக் கூப்பிடலாம். ஐயா, இது டென்ஷன் குறைக்கும் காரியமா? மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பை உலைக்குள் வைத்துவிட்டு, கதவின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷிக்கு இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்திருக்கிறீர்களா? டென்ஷன் குறைய வேண்டுமானால் அவர் தூங்கலாமே! தூக்கம்தான் அவருக்குப் பற்றாக்குறை.

உங்கள் அனுதாபத்தில் ஒளிந்திருக்கிற கணக்கு எனக்குப் புரிகிறது. டாக்டர் என்பது ஒரு யந்திரம். யந்திரம் தேயாமலிருக்க அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். எனாமலோ வீணையோ தோட்டமோ எல்லாம் எண்ணெய். எண்ணெய் விட்டால் திங்கட்கிழமை யந்திரம் நன்றாக ஓடும். ஆக, ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையின் சேவகத்தில்தான் இருக்க வேண்டும்! இந்தக் காலத்தில் கம்பெனிகளும் இதையே உபதேசிக்கின்றன. ஊழியர்களுக்கு ஒரு நாள் மண்பாண்ட வகுப்பு, ஒரு நாள் ஓவிய வகுப்பு. எல்லாம் மறுநாள் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கறப்பதற்கு. மனிதன் ஒரு பொருளை அந்தப் பொருளுக்காகவே நேசிக்கலாம் என்பதை ஏன் இவர்களால் நம்ப முடியவில்லை? நீலம் சரியாக வர வேண்டும் என்பது தவிர வேறு காரணம் எதற்கு?

‘எவ்வளவுக்குப் போகும்’ என்ற ஆடிட்டருக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார். ஒரு மைல் என்ன விலைக்குப் போகிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை.

விலையைப் பற்றிய பேச்சிலேயே இன்னொரு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இளைஞர்கள், உற்சாகிகள். “இவ்வளவு ஈடுபாடு இருந்தால் டாக்டர் வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமே? மனசு எதில் இருக்கிறதோ அதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும்” என்பார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் ருஷ்யாவில் அலெக்ஸாண்டர் போரதீன் என்று ஒருவர் இருந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர். பெண்களுக்கு மருத்துவப் படிப்பு ஏற்படுத்துவதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர். கிடைத்த ஓய்வில் சங்கீதம் எழுதினார். 1869-இல் ‘பிரின்ஸ் இகோர்’ என்ற இசை நாடகத்தைத் தொடங்கினார். 1887-இல் அவர் இறந்தபோது அது முடியவில்லை. பதினெட்டு வருஷம்! நண்பர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அவருக்கு ரசாயனத்திலும் மனசு இருந்தது, சங்கீதத்திலும் மனசு இருந்தது. ஒரு மனசுக்கு ஒரு வாசல்தான் என்று யார் சட்டம் போட்டது? நம்மிடையே மாதவையா உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டேதான் 1898-இல் ‘பத்மாவதி சரித்திர’த்தை வெளியிட்டார். அது அவருடைய பொழுதுபோக்கு என்று தமிழ் வாசகர் யாராவது சொல்லத் துணிவாரா?

வேலையை விடாமல் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. விற்றுத்தான் அடுப்பெரிய வேண்டும் என்றால், விற்பதைத்தான் செய்ய வேண்டும். பிள்ளையார், மயில், தாமரை. தப்பில்லை, ஆனால் பதினோராவது மயிலில் மனிதன் மயிலை வெறுக்க ஆரம்பித்துவிடுவான். நம் டாக்டரம்மாளுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆகையால் அவர் ஒரு வருஷமாக மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல் நிறத்தை மட்டும் விதவிதமாகச் செய்து பார்க்க முடிகிறது. அதை யார் வாங்கப் போகிறார்கள்?

‘ஆசாரி வேலை’ என்ற பெரியவருக்கு வருகிறேன். அவரை முட்டாள் என்று தள்ளிவிட மாட்டேன். அவர் வாயிலிருந்து வந்தது அவருடைய சொல் மட்டுமல்ல. கையால் வேலை செய்கிறவன் கீழே, வேலை வாங்குகிறவன் மேலே என்று பல நூற்றாண்டுகளாக நாம் ஏற்றி வைத்த பாடம் அது. நமக்கு மட்டும் உரிய பாவமும் அல்ல. ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் மியூசியத்தில் ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முந்திய எனாமல் பதக்கம் ஒன்று இருக்கிறது. பொன் கம்பிகளால் கரை கட்டி, நடுவே ஓர் உருவம். 1693-இல் சாமர்செட் பகுதியில் கிடைத்தது. அதன் விளிம்பில் எழுத்துக்கள் வெட்டியிருக்கின்றன: ஆல்பிரெட் என்னைச் செய்வித்தான் என்று அந்தப் பதக்கமே சொல்கிறதாம். செய்வித்தவன் பெயர் இருக்கிறது. செய்தவன் பெயர் இல்லை! ஜெய்ப்பூர்க் கதையும் அதுதான். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ராஜா மான்சிங் லாகூரிலிருந்து மீனாக்காரர்களை வரவழைத்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ராஜாவைத் தெரிகிறது. வந்தவர்கள்?

டாக்டரம்மாளின் கை அறுவைக் கத்தியைப் பிடித்தால் அது கௌரவம். அதே கை அதே நிதானத்தோடு சாமணத்தால் ஒரு வெள்ளிக் கம்பியை வளைத்தால் அது அகௌரவம். இதில் உள்ள வேடிக்கையைப் பெரியவர் யோசித்துப் பார்க்கட்டும். அவருடைய பேத்தி பிறந்தபோது அந்தக் கைதான் ஏந்தியது.

இந்த விஷயத்தில் எதிர்த்தரப்பில் கௌரவமான ஒரு வாதமும் உண்டு. அதை ஒருவரும் கல்யாண வீட்டில் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பரம்பரையாக இந்த வேலையில் கண்ணும் முதுகும் தேய்ந்தவர்கள் இருக்கும்போது, சம்பளக்காரர்கள் பொம்மை உலை வாங்கி வைத்துக்கொண்டு விளையாடுவது அவர்களைக் கேலி செய்வதாகாதா? ஆகும், சிலர் விஷயத்தில். மூன்றாம் மாதமே கண்காட்சி வைத்து, மந்திரியைக் கூப்பிட்டு, தம்மைக் ‘கலைஞர்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டுக்கொள்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பத்துத் தடவை உலையில் வைத்து பத்தாவது தடவையில் விரிசல் கண்டவர், அதற்கப்புறம் ஒரு மீனாக்காரரிடம் பேரம் பேச மாட்டார். டாக்டரம்மாள் மறுபடி ஜெய்ப்பூர் போனபோது கடைக்குப் போகவில்லை. செய்கிறவரின் பட்டறையைத் தேடிக்கொண்டு போனார். தகட்டைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்த்தாராம். அந்தப் பெரியவர் சிரித்துவிட்டு, உட்காரப் பாய் போட்டார்.

வயது, பெண் என்ற இரண்டையும் பற்றிப் பேசாமல் விட முடியாது. ஐம்பதில் ஆரம்பித்து என்ன சாதிப்பது என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் ஃபீபி டிராக்வேர் என்ற அம்மாள், எடின்பரோவில் ஒரு பெரிய மாதாகோயிலின் சுவர் முழுவதும் சித்திரம் தீட்டும் எட்டு வருஷ வேலையை 1901-இல் முடித்தார். மூன்று குழந்தைகளை வளர்த்தவர். கணவர் மீன் புதைபடிவங்களை ஆராய்ந்தவர். அவருடைய ஆராய்ச்சிக்குப் படங்கள் வரைந்ததும் இந்த அம்மாள்தான். இவ்வளவுக்கும் பிறகு, 49 வயதில், எனாமல் கற்றுக்கொண்டார். இன்று அவர் பெயர் சொல்லும் பொருள்களில் அந்த எனாமல்களும் சேர்ந்தே இருக்கின்றன. கற்றுக்கொடுத்தவர் லேடி கிப்ஸன் கார்மைக்கேல். அவருடைய கணவர் 1911-இன் கடைசியிலிருந்து சில மாதங்கள் சென்னைக்குக் கவர்னராக இருந்தார். சென்னைக் கவர்னர் மாளிகைக்கு ஓர் எனாமல் ஆசிரியை எஜமானியாக வந்தார் என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது!

கடைசியாக அந்த மாது சிரோமணி. பிரசவ வார்டில் கூட்டம் இருக்கும்போது கண்ணாடிப் பொடி சலிக்கலாமா? இதே ஊரில் ஆண் டாக்டர்கள் பலர் மாலையில் கிளப்புக்குப் போகிறார்கள். பந்தடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள். அவர்களைப் பார்த்து இந்தக் கேள்வியை இந்த அம்மாள் ஒரு நாளாவது கேட்டதுண்டா? கேட்கமாட்டார். ஆண்பிள்ளையின் மாலை நேரம் ஆண்பிள்ளைக்குச் சொந்தம். பெண்ணின் நேரமோ பொதுக் கிணறு. நோயாளி போக மீதி கணவனுக்கு, கணவன் போக மீதி குழந்தைகளுக்கு, அதுவும் போக மீதி மாமியாருக்கு. அடியில் ஒரு செம்பு தண்ணீரைத் தனக்கென்று அவள் மொண்டால் ஊருக்குக் கண் உறுத்துகிறது.

நோயாளிகள் பெயரைச் சொல்லியே கேட்டதால் இதையும் சொல்கிறேன். டாக்டரம்மாளின் அலமாரியில் வெள்ளைத் தட்டு ஒன்று இருக்கிறது. ஓரமெல்லாம் கருகிப் பச்சை பூத்து, ஒரு பக்கம் செம்பு தெரிகிறது. அதிகச் சூடு பட்டால் வெள்ளை எனாமல் ஓரத்தில் இப்படித்தான் பச்சையாகும். அதை உலையில் வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வார்டிலிருந்து போன் வந்தது. இரத்தப் போக்கு நிற்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். உலையின் விசையை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். விசையை அணைத்தால் சூடு உடனே போய்விடுமா? உள்ளே கிடந்த தட்டு கருகிற்று. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திரும்பி வரும்போது விடிந்துவிட்டது. அந்தத் தட்டை அவர் எறியவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. எதற்கோ அலமாரியைத் திறந்தபோது நான் பார்த்துக் கேட்டதால் சொன்னார். சொல்லிவிட்டு, அந்தப் பச்சையை வேண்டுமென்றே வரவழைக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்!

தற்சமயம் அவருக்குச் சிவப்போடுதான் சண்டை. ஜெய்ப்பூர்ச் சிவப்பு பொன்னின்மேல் எரிகிறது. செம்பின்மேல் நேராக வைத்தால் ஒளி ஊடுருவும் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடுகிறது. அடியில் நிறமற்ற கண்ணாடியை ஒரு பூச்சுப் பூசிப் பார்த்தார். பரவாயில்லை, ஆனால் திருப்தி இல்லை. இனி மெல்லிய வெள்ளித் தாளைப் பதித்து அதன்மேல் சிவப்பை இடப் போகிறார். தாள் வந்துவிட்டது. வருகிற ஞாயிறு அவருக்கு ஆஸ்பத்திரி முறை. அதற்கடுத்த ஞாயிறு ஒரு வளைகாப்பு. அதற்கும் அடுத்த ஞாயிறு, போன் வராவிட்டால்.